ஒரு சதுரம் இரண்டரை சென்ட்

எங்கள் குளத்தைக் கணினித் திரையில் நான் முதன்முதலாகக் கண்டபோது, அது மாலத்தீவுக்கு மேற்கே நடுக்கடலில் கிடந்தது. ஒரு புள்ளியாக. சுற்றிலும் கரையே இல்லாத நீலம்.

பதறிவிட்டேன். குளத்தின் கரையோடு நடந்து, வளைவுக்கு வளைவு நின்று, கைப்பேசியில் இடக்குறிப்பு எடுத்து, அறுபத்தெட்டுப் புள்ளிகளாக உள்ளே ஏற்றிய எல்லை அது. கால் முட்டி இரண்டும் வீங்கியதுதான் மிச்சமோ என்று தோன்றியது. மச்சினனைக் கூப்பிட்டேன். மனைவியின் தம்பி. வளைகுடாவில் பத்தொன்பது வருடம் இருந்துவிட்டு வந்தவன். நான்கு வீடு தள்ளிக் குடியிருக்கிறான். அந்த லேப்டாப்பே அவன் தந்ததுதான்.

அவன் குனிந்து பார்த்தான்.

"அத்தான், கொளத்தைக் கொண்டுபோய் கடல்ல தள்ளிட்டியளா?"

"நான் எங்க தள்ளுனேன்? அதுவாப் போச்சு."

"இஞ்ச ஒவ்வொருத்தன் மண்ணடிச்சு மூடப் பாக்கான். நீங்க அவனுவளுக்கும் மேல போயிட்டிய."

இருவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் வாய் கசக்கிறது.

காரணம் பிறகு தெரிந்தது. என் புள்ளிகள் பாகைக் கணக்கில் இருந்தன. செயற்கைக்கோள் படம் மீட்டர் கணக்கில் இருந்தது. எழுபத்தேழு பாகையை மென்பொருள் எழுபத்தேழு மீட்டர் என்று வாசித்து, குளத்தைத் தூக்கிக் கடலில் வைத்துவிட்டது. எந்தக் கணக்கில் எடுத்தது என்று ஒரு வரி சொல்லிக் கொடுத்ததும், குளம் ஒரு நொடியில் அஞ்சுகிராமம் சாலைக்குத் தெற்கே தன் இடத்தில் வந்து உட்கார்ந்தது. எனக்கு மூச்சு வந்தது.

இந்த வயதில் எனக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்காதவர்கள் ஊரில் இல்லை. எனக்கு அந்தக் குளத்தின் கடைமடையில் ஒரு ஏக்கர் இருபது சென்ட் வயல் உண்டு. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகத்துக்கும் அதுதான் தண்ணீர். குளத்தின் மேற்குப் பாகம் ஆழம் குறைந்தது. அங்கே தாமரை போட்டுக் குத்தகைக்கு விடுவார்கள். அந்த மேற்குப் பாகம் குளமே அல்ல, தண்ணீர் ஏறாத மேடு, அதன் குறுக்கே பாதை போட்டு அப்புறமுள்ள நிலத்தை மனை பிரிக்கலாம் என்று சிலர் தாலுகா அலுவலகத்தில் மனு கொடுத்திருந்தார்கள். அதன் மேல் விசாரணை வரவிருந்தது. மேற்குப் பாகம் போனால் குளத்தின் கொள்ளளவில் அத்தனை குறையும். முதலில் காய்வது கடைமடை. அதாவது நான். அதே வாய்க்காலில் என்னோடு இன்னும் பதினோரு வயல்.

அங்கே வருடா வருடம் தண்ணீர் நிற்கிறது என்று காட்ட வேண்டும். வாயால் சொன்னால் எடுபடாது. நான் வேலை பார்த்த காலமெல்லாம் புள்ளிவிவரம் எடுத்தவன். எந்த வயலில் என்ன பயிர், எத்தனை சென்ட், அறுத்தால் எத்தனை கிலோ என்று எண்ணி எழுதியே ஓய்வு பெற்றேன். எண்ணாத பொருளை நம்பாத மனது அப்போதே அமைந்துவிட்டது. மாத்திரை அட்டையில் எத்தனை பாக்கி, மின்விசிறி நின்று எத்தனை நிமிடம், மீன்காரர் வைத்த சாளையில் எத்தனை நசுங்கல் என்று எண்ணுவேன். மனைவிக்கு அதில் எரிச்சல்.

வானத்திலிருந்து எடுத்த படங்கள் இலவசமாகக் கிடைக்கும், அவற்றைப் பிரித்துக் கணக்குப் போடும் மென்பொருளும் இலவசம் என்று செய்தித்தாளில் ஒரு மூலையில் படித்ததை மச்சினனிடம் சொன்னேன். அடுத்த நாளே பழைய லேப்டாப்பைத் துடைத்துக் கொண்டுவந்தான். "வச்சுக்கிடுங்க அத்தான். எனக்க வீட்ல சும்மாதான் கெடக்கு." ஏன் இவ்வளவு ஆர்வம் என்று அன்று நான் கேட்கவில்லை.

நிறுவுவதற்கே நான் படாத பாடு பட்டேன். வரைபடத்தைத் திறந்து காட்டும் மென்பொருள் ஒன்று. படங்களை வெட்டவும் ஒட்டவும் மாற்றவும் கறுப்புத் திரையில் கட்டளை தட்ட வேண்டிய கருவிகள் வேறு. முதலாவதை நிறுவினால் அது தனக்குத் துணையாக ஒரு பழைய நிரல் நூலகத்தைக் கூட்டிக்கொண்டு வந்தது. இரண்டாவதை நிறுவினால் அது புதிய நூலகத்தைக் கூட்டிக்கொண்டு வந்தது. ஒன்றுக்கு மற்றதைத் தெரியாது. எதைத் தட்டினாலும் 'கண்டுபிடிக்க முடியவில்லை' என்று ஒரே பதில். கண் முன்னால் கிடக்கும் கோப்பைக் காணவில்லை என்று சொன்னால் யாருக்குக் கோபம் வராது? எல்லாவற்றையும் நீக்கி முதலிலிருந்து தொடங்கினேன். நான்கு முறை. நடுவில் மின்சாரம் போகும். படம் ஒன்றை இறக்க அரை நாள் ஆகும். தொண்ணூறு சதவீதத்தில் இணைப்பு அறுந்து, திரும்பச் சுழியிலிருந்து தொடங்கும்.

இறங்கிய படமும் திறக்கவில்லை. மென்பொருளைச் செய்தவர்களுக்கென்று ஒரு கேள்விபதில் பக்கம் உண்டு. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் என் துன்பத்தை நீளமாக எழுதிப் போட்டேன். யாரோ ஒருவர், எந்த நாடோ, பெயருக்குப் பதில் ஒரு தவளைப் படம் வைத்திருந்தவர், பதில் எழுதினார். படத்தை ஒரு விதமாகச் சுருக்கி வைத்திருக்கிறார்கள், அதை விரிக்கத் தெரிந்த பகுதி உங்கள் நிறுவலில் சேரவில்லை, தனியாக ஒரு இடம் ஒதுக்கி எல்லாவற்றையும் ஒரே இணையக் கிடங்கிலிருந்து எடுத்து நிறுவுங்கள் என்று ஐந்து வரி கட்டளை தந்திருந்தார். தட்டினேன். திறந்தது. என் மாவட்டம் முழுவதும் திரையில் விரிந்தது. கீரிப்பாறை ரப்பர் தோட்டம் கரும்பச்சை, கடல் கறுப்பு, நடுவில் வாழை, தென்னை, வயல்.

நன்றி எழுதி, என்ன தர வேண்டும் என்று கேட்டேன். ஒன்றும் வேண்டாம், இது எல்லோருக்கும் பொதுவானது, எடுக்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்று எழுதினார். எனக்கு அது பெரிய விஷயமாகப் பட்டது. முகம் தெரியாத ஆட்கள் வருடக்கணக்காக உழைத்துச் செய்ததை ஒரு கிழவன் குளத்தை எண்ணுவதற்காகச் சும்மா கொடுக்கிறார்கள். காண்கிறவர்களிடமெல்லாம் இதைச் சொன்னேன். மச்சினனிடம் நிறையவே சொன்னேன்.

இந்தப் படங்களை ராஸ்டர் என்கிறார்கள். கிட்டத்தில் போய்ப் பார்த்தால் கோடோ உருவமோ இருக்காது. வெறும் சதுரங்கள்தான். ஒவ்வொரு சதுரத்துக்கும் ஒரு எண். என் படத்தில் ஒரு சதுரம் தரையில் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர். எங்கள் அளவில் இரண்டரை சென்ட், ஒரு நூலிழை குறைவு. கட்டம் போட்ட தாளில் வேலை செய்து பழகியவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? வரைபடத்தின் கீழே, அளவுகோலுக்குப் பதிலாக, 'ஒரு சதுரம் = இரண்டரை சென்ட்' என்று எழுதி வைத்தேன். மீட்டர் சொன்னால் எங்கள் ஊரில் யாருக்குப் புரியும்?

தண்ணீரைப் பிரிக்க ஒரு சூத்திரம் உண்டு. பச்சை ஒளியில் சதுரத்துக்கு ஒரு எண், கண்ணுக்குத் தெரியாத சிவப்பு ஒளியில் ஒரு எண். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். விடை சுழிக்கு மேலே என்றால் தண்ணீர், கீழே என்றால் தரை. எங்களுக்கு மழைக்காலம் இரண்டு என்பதால் மேகம் இல்லாத படம் கிடைப்பதே அரிது. ஒன்று கிடைத்தது. கணக்கை ஓடவிட்டேன். தண்ணீருக்கு நீலமும் தரைக்கு மஞ்சளும் கொடுத்தேன்.

குளம் மொத்தம் 3,104 சதுரம். நீலம் 2,460. மஞ்சள் 644.

பதினாறு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைய. மேற்குப் பாகம் முழுவதும் மஞ்சள். எதிராளி மனுவில் எழுதியிருந்த அதே இடம், அதே வடிவம்.

மூன்று முறை திரும்ப ஓடவிட்டேன். 644 அசையவில்லை. மாலையில் குடையை ஊன்றிக்கொண்டு மேற்குக் கரைக்கு நடந்தேன். போய் நின்றதும் என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். கரையிலிருந்து கண்ணுக்கு எட்டும் வரை தாமரை இலை. ஒன்றின் மேல் ஒன்று ஏறி, தண்ணீர் தெரிய ஒரு கை அகலம் இல்லை. அந்தச் சூத்திரத்துக்கு இலை என்றால் செடி, செடி என்றால் தரை. இடுப்பளவு தண்ணீரில் நிற்கும் இலை அதற்குத் தெரியாது. எங்கள் குளங்களைப் பார்க்காத யாரோ போட்ட சூத்திரம். ஆனால் தாமரையைப் பிறந்ததிலிருந்து பார்க்கும் நானல்லவா அதை நம்பினேன்.

திரும்பும் வழியில் டீக்கடையில் மச்சினன் இருந்தான். அடக்க முடியாமல் அவனிடம் சொன்னேன்.

"ஏலே, அறுநூத்தி நாப்பத்திநாலும் தாமர. படம் பொய்."

அவன் டீயை வைத்துவிட்டுச் சிரித்தான். "ஆகாசத்துல இருந்து பாக்கவனுக்கு எலைதான தெரியும். அடியில கெடக்க வெள்ளம் எப்பிடித் தெரியும்?"

"அதுதானே. நான் ஒரு மடையன்."

"மடையன்னு சொல்லாதிங்க அத்தான். ஊர்ல வேற எவனுக்கு இது தெரியும்?" பிறகு கேட்டான், "அந்தப் படத்த அழிச்சிட்டியளா?"

"அழிக்கப்பிடாது. அடிச்சு வச்சிருவேன்."

இதை விளக்க வேண்டும். எங்கள் வேலையில் தப்பான கணக்கை அழிக்க விடமாட்டார்கள். தாளைக் கிழிக்கவும் கூடாது. குறுக்கே ஒரே ஒரு கோடு அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டு, சரியானதை மேலே எழுத வேண்டும். அடியில் இருக்கும் தப்பும் வாசிக்கத் தெரிய வேண்டும். அதுதான் நேர்மை என்று பழக்கியிருந்தார்கள். கணினியில் குறுக்கே கோடு அடிப்பது எப்படி என்று தெரியவில்லை. ஆகவே 'அடித்தது' என்று ஒரு உறை உண்டாக்கி, அந்த வரைபடத்தை அதற்குள் போட்டேன். உறையின் மேல் எழுதியிருக்கிறது, போதும் என்று நினைத்தேன். படத்தின் மேல் ஒரு கீறலும் இல்லை.

பிறகு வேறு வழி தேடினேன். தண்ணீர் ஏறி இலை மூழ்கும் நாள் வேண்டும். ஐப்பசி மழை வெளுத்து வாங்கி, குளம் நிரம்பி மறுகால் போய், அடுத்து இரண்டு நாள் வெயில் காய்ந்தபோது எடுத்த படம் ஒன்று பழைய வருடத்திலிருந்து அகப்பட்டது. மேகம் இல்லை. ஓடவிட்டேன். நீலம் 3,071. மேற்குப் பாகம் முழுதும் நீலம். இதையும் மச்சினனுக்குக் காட்டினேன். "அடி சக்க," என்றான். நாகர்கோவிலில் வண்ண அச்சு எடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, விசாரணை நாளுக்குக் காத்திருந்தேன்.

விசாரணை அறையில் நாற்காலிகள் இரண்டு வரிசை. எங்கள் வாய்க்கால்காரர்கள் ஐந்து பேர் என் பக்கம். எதிர் வரிசையில் மனை பிரிக்கிற ஆட்கள். அவர்களில் இரண்டாவது நாற்காலியில் என் மச்சினன். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு கோப்பு. வழி தவறி அங்கே உட்கார்ந்துவிட்டான் என்று நினைத்து நான் கையைக் காட்டி இங்கே வரச் சொன்னேன். அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

குளத்துக்குத் தென்மேற்கே மூன்று ஏக்கர் வாங்கியிருக்கிறான் என்று எனக்குத் தெரியும். தென்னை வைக்கப் போவதாகச் சொல்லியிருந்தான். அந்த மூன்று ஏக்கருக்குப் பாதை குளத்தின் வழியாகத்தான் என்பதை நான் கூட்டிப் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்கிறவன் அதைப் பார்க்கவில்லை.

எதிர்த்தரப்பில் பேச வந்தவர் ஒரு வண்ணத் தாளை மேசையில் விரித்தார். நீலம், மஞ்சள். கீழே எழுத்து: ஒரு சதுரம் = இரண்டரை சென்ட்.

நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

அதிகாரி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசித்தார். "ஐயா, இது நீங்க தயாரிச்சதுன்னு சொல்லுகாங்க. ஒள்ளதா?"

"நான் செஞ்சதுதான். ஆனா அது அடிச்ச படம்."

"அடிச்சதுன்னா?"

"தப்புன்னு தள்ளுனது."

தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்க அடிச்சிருக்கு? ஒண்ணும் காணோமே."

உறை, அதன் பெயர், தாமரை இலை, சூத்திரம் என்று நான் சொல்லத் தொடங்கினேன். எனக்கே கோர்வையாக இல்லை. என் நல்ல படத்தை எடுத்துக் கொடுத்தேன். எதிர்த்தரப்பு ஆள் அதை ஒரு பார்வை பார்த்தார்.

"சார், இது பெருமழை பெய்ஞ்ச சமயம். அன்னைக்கு எடுத்தா வடசேரி பஸ் ஸ்டாண்டும் கொளம்தான்."

அறையில் சிரிப்பு. என் பக்கத்து நாற்காலியிலும் ஒருவர் சிரித்தார்.

அதிகாரி இரண்டு தாளையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தார். "ஒரே ஆளு, ஒரே கொளம், ஒரே கம்ப்யூட்டர். ரெண்டு கணக்கு. நான் எத எடுக்க? இந்தப் படங்களே வேண்டாம். சர்வே ஆளுவ வந்து சங்கிலி போட்டு அளக்கட்டும். அதுவர எனக்குத் தடை போட முகாந்திரம் இல்ல."

வெளியே வேப்பமரத்தடியில் மச்சினன் பைக்கை எடுத்துக்கொண்டிருந்தான். நான் போய் முன்னால் நின்றேன்.

"எப்பம் எடுத்த?"

"நீங்க கண்ணாஸ்பத்திரிக்குப் போன அன்னைக்கு. அக்கா சாயா போட்டுத் தந்தா. பென் டிரைவ் கையில இருந்துது." மறைக்கக்கூட இல்லை. "கோவப்படாதிங்க அத்தான். எல்லாருக்கும் பொது, எடுக்கலாம், குடுக்கலாம்னு வாய் ஓயாமச் சொன்னது நீங்கதானே?"

"அது தப்புன்னும் ஒனக்கிட்ட சொன்னேன்."

"சொன்னிய. படத்துல எழுதல்லியே." பைக்கில் ஏறி உட்கார்ந்தான். "ஏறுங்க, வீட்ல விடுகேன். வெயிலு கொல்லுது."

நான் பேருந்தில் வந்தேன். பன்னிரண்டு நிறுத்தம்.

மனைவி முற்றத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன்.

"அவன் எனக்கக் கூடப்பெறந்தவன்," என்றாள் கடைசியில். "நான் என்ன செய்ய? நீங்க எதுக்கு எல்லாத்தையும் அவனுக்குத் தொறந்து காட்டினிய?"

"லேப்டாப் தரும்போதே இதத்தான் நினைச்சானா? அதச் சொல்லு."

அவள் கீரையை உருவிக்கொண்டே இருந்தாள். காம்பு ஒரு பக்கம், இலை ஒரு பக்கம். நான் அந்தக் கேள்வியை இன்னும் இரண்டு தடவை வேறு வேறு நாளில் கேட்டிருக்கிறேன். அவளுக்குத் தெரியுமா என்பதே எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளப் பயமாகவும் இருக்கிறது.

லேப்டாப்பை அவன் வாசலில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும் என்று நினைத்தேன். அதற்குள் இருப்பதெல்லாம் நான் ஏற்றியது. தவளைப் படக்காரர் தந்த ஐந்து வரி அதில்தான் இருக்கிறது. பெட்டி அவனுடையது, உள்ளே இருப்பது என்னுடையது. எப்படிப் பிரிப்பது என்று தெரியாமல் வைத்துக்கொண்டேன்.

சர்வே ஆட்கள் வரவில்லை. செயற்கைக்கோள் வந்துகொண்டிருந்தது. மாசியில் மேகம் விலகிய ஒரு படத்தை இறக்கி, குளத்தின் எல்லைக்கு வெட்டி, அதே சூத்திரத்தைப் போட்டேன். மேற்குப் பாகம் வழக்கம்போல மஞ்சள், தாமரை. கணக்கை விட்டுவிட்டு வெறும் நிறங்களில் படத்தைத் திறந்தேன். தாமரையின் கரும்பச்சைக்கு நடுவே, வடக்கிலிருந்து தெற்காக, ஒரு வெளுத்த கோடு. ஒரு சதுர அகலம். செம்மண். குளத்தில் எந்த இலையும் நேர்கோட்டில் வளராது. எண்ணினேன். இருபத்தாறு சதுரம்.

இந்த முறை சூத்திரம் வேண்டாம், தாமரையா தண்ணீரா என்ற குழப்பம் இல்லை. போன மாதப் படமும் இந்த மாதப் படமும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் குழந்தைக்கும் தெரியும். அச்சு எடுத்து, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டு, அதே அதிகாரியிடம் போனேன். மனதில் கொஞ்சம் தெம்பு இருந்தது.

அவர் தாளை வாங்கவில்லை. மேசையில் வைத்ததையும் விரலால் என் பக்கம் நகர்த்தினார். கோபமாக அல்ல. வயதானவனிடம் பேசுகிற தாழ்ந்த குரலில் சொன்னார்.

"ஐயா, படம் ஏத்துக்கிட மாட்டோம்னு அன்னைக்கே எழுதியாச்சு. அதுவும் ஒங்க ரெண்டு படத்தாலதான். இப்பம் இத வாங்குனா, அவங்க படத்தையும் நான் வாங்கணும்லா?"

"நேர்ல வந்து பாருங்க. மண்ணு கெடக்கு."

"சர்வேக்கு எழுதியிருக்கேன். வரும்."

திரும்பும்போது பேருந்து குளத்தங்கரை வழியாக வந்தது. ஜன்னல் பக்கம் இருக்கை கிடைத்தது. மண் கொட்டிய தடத்தின் இரண்டு பக்கமும் தாமரை பூத்திருந்தது. டிப்பர் லாரி ஒன்று பின்புறமாக ஊர்ந்து கொட்டிக்கொண்டிருந்தது. பேருந்தில் எல்லோரும் பார்த்தார்கள்.

இப்போது நான் உண்டாக்கும் ஒவ்வொரு படத்தின் மேலும், நடுவில், பெரிய எழுத்தில், சரியா தப்பா என்று எழுதிவிடுகிறேன். எழுத்து குளத்தை மறைக்கிறது. மறைக்கட்டும். இந்த வருடம் கும்பப்பூவுக்குக் கடைசி இரண்டு தண்ணீர் என் வயலுக்கு வரவில்லை. வரப்பில் நின்று பதரை ஊதிப் பார்த்தேன்.

நேற்று மாலை புதிய படம் வந்திருந்தது. செம்மண் கோட்டின் சதுரங்களை எண்ணிக்கொண்டிருக்கும்போது வாசலில் பைக் சத்தம். அவன் அக்காளிடம் சாயா கேட்டான். பிறகு, "அத்தான் எங்க?"

"கொளத்த எண்ணிட்டு இருக்காரு," என்றாள் அவள்.

"லேப்டாப்பு நல்லா ஓடுகா?"

நான் எழுந்துபோய் அறைக் கதவைத் தாழிட்டேன். இந்த வீட்டில் பகலில் கதவைத் தாழிடும் பழக்கம் எனக்கு இருந்ததில்லை. திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து எண்ணினேன். முப்பத்தொன்று.